வறுமைக்கு விரதமென்று பெயரா?

மரக்கறி உணவே மனிதனுக்கு உகந்த உணவு என்னும் பேச்சு இப்போது புதியதொரு சட்டையை அணிந்துகொண்டு வந்திருக்கிறது. முன்பு அது அறத்தின் பெயரால் பேசிற்று. புலால் உண்பது பாவம் என்றது. இப்போது விஞ்ஞானத்தின் பெயரால் பேசுகிறது. மரக்கறி உண்பவனது உடலில் அனுசேபம் சீராக நடைபெறும், குருதி தூய்மையடையும், நோய் அணுகாது, உள்ளம் சாந்தமடையும் என்றெல்லாம் மேடைகளில் முழங்கப்படுகின்றது. விலைவாசி ஏறி, மீனும் முட்டையும் வாங்க வழியற்றுப்போனவனைப் பார்த்து, "கவலைப்படாதே, எளிய உணவே உடலுக்கு நல்லது" என்று ஆறுதல் கூறுவாரும் உளர்.

இக்கூற்றில் உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆசிரியராகிய நமது கடமை. வகுப்பறையில் நம்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் உடலில் இந்தப் பொய் ஏறியிருக்கிறது. ஆதலால் இது வெறும் வாதத்துக்குரிய பொருளன்று.

முதலில் அனுசேபம் என்பது யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழகத்துப் பாடநூல்கள் வளர்சிதைமாற்றம் என்று வழங்குவதையே நமது பாடநூல்கள் அனுசேபம் என்கின்றன. உண்ட உணவை உடைத்துச் சக்தியைப் பெறுவதும், உடைந்த கூறுகளைக்கொண்டு தசையையும் குருதியையும் நொதியங்களையும் கட்டியெழுப்புவதுமாகிய இரசாயன மாற்றங்களின் முழுத்தொகுதியே அது. இம்மாற்றங்களுக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை. பருப்பிலிருந்து வந்த அமினோ அமிலமும் சாளை மீனிலிருந்து வந்த அதே அமினோ அமிலமும் குருதியிற் கலந்த பின் ஒன்றே. உடல் அளவையும் வகையையும் மட்டுமே கணக்கெடுக்கிறது. புரதத்தைச் செரித்துப் பயன்படுத்துவதற்கு அதிலுள்ள சக்தியில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவாகும். காபோவைதரேற்றுக்கு 5 முதல் 10 சதவீதம். கொழுப்புக்கு அதனினும் குறைவு. பருப்பும் பயறும் நிறைந்த மரக்கறித் தட்டும் வெறுஞ்சோறு குவிந்த மரக்கறித் தட்டும் பெயரளவில் ஒன்றாயிருக்கலாம். உடலின் கணக்கேட்டில் அவை இருவேறு உணவுகள். சாந்த குணத்தைப் பிறப்பிக்கும் அமினோ அமிலமொன்றை எந்த விஞ்ஞானியும் கண்டறிந்ததாக நாம் அறியோம்.

இனி, உண்மைப் பக்கத்தைப் பார்ப்போம். நன்கு திட்டமிட்ட மரக்கறி உணவு உடலுக்கு நன்மை செய்கிறது என்பதை மறுப்பவன் விஞ்ஞானத்தை மறுப்பவனாவான். தானியம், பருப்பு, காய், கனி ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ப்பொருள் குடலிற் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை ஈடுசெய்ய ஈரல் குருதியிலுள்ள கொலஸ்திரோலை எடுத்துச் செலவிடுகிறது; குருதியில் அதன் அளவு குறைகிறது. எஞ்சிய நார்ப்பொருளைக் குடலிலுள்ள நுண்ணங்கிகள் நொதிக்கச் செய்து, குடற்சுவருக்கு உணவாகும் அமிலங்களை ஆக்குகின்றன. இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தார் 48,000 பேருக்கு மேற்பட்டோரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சி உண்போரைவிட மரக்கறி உண்போரிடம் இருதய நாடி அடைப்பு நோய் 22 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அதே ஆய்வில் மரக்கறி உண்போரிடம் பாரிசவாதம் 20 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. மேடைப் பேச்சாளர் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்.

2023 இல் அமெரிக்காவின் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரே சாயலுள்ள இரட்டையர் 22 சோடிகளைத் தெரிந்து, ஒருவருக்கு முழுத் தாவர உணவும் மற்றவருக்குப் புலால் கலந்த நல்லுணவும் எட்டு வாரங்கள் கொடுத்துப் பார்த்தனர். தாவர உணவு உண்டவர்களிடம் கெட்ட கொலஸ்திரோலும் வெறுவயிற்று இன்சுலினும் கூடுதலாகக் குறைந்தன. நாம் இதனை ஏற்றுக்கொள்கிறோம். ஆயினும் ஒரு விவரத்தை வாசகர் கவனிக்க வேண்டும்: முதல் நான்கு வாரங்கள் அவர்களுக்குரிய உணவு சமைக்கப்பட்டு வீடு தேடி வந்தது! தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் போசணை அறிந்தோர் தீர்மானித்தனர். அதன் விலையைப் பற்றி உண்பவன் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தட்டின் புகழை எடுத்து நமது ஏழையின் தட்டின்மேல் ஒட்டுவது எந்த வகையில் நேர்மையாகும்?

நமது கரையோரத்துத் தட்டைப் பார்ப்போம். மருதமுனையின் தறிக்காரர் வீட்டிலும், சாய்ந்தமருதின் கடற்றொழிலாளி வீட்டிலும், சம்மாந்துறையின் வயற்கூலி வீட்டிலும் கையில் காசில்லாத நாட்களில் அடுப்பேறுவது சோறு; அதற்குத் துணை தேங்காய்ச் சம்பல்; உண்டு முடிந்ததும் ஒரு கோப்பை பிளேன்டீ. இதில் புலால் ஒரு துளியும் இல்லை. இலக்கணப்படி இதுவும் மரக்கறி உணவே. ஆனால் இது உடலில் என்ன செய்கிறது?

சோற்றுப் புரதத்தில் லைசின் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பருப்பு இல்லையேல், வளரும் பிள்ளை எத்தனை கவளம் உண்டாலும் உடற்கட்டடத்துக்கு வேண்டிய செங்கல் ஒன்று எப்போதும் பற்றாக்குறையாகவே இருக்கும். இரும்புச்சத்தின் கதை இதனினும் கொடியது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள ஈம் வகை இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை குடல் உறிஞ்சிக்கொள்ளும். தாவரத்திலுள்ள இரும்பில் அது உறிஞ்சுவது மிகக் குறைவு. அந்தக் குறைவையும் உணவோடு குடிக்கும் தேநீரின் தனின் பாதிக்கு மேல் தடுத்துவிடுகிறது. பால் வாங்கப் பணமில்லாமையால் குடிக்கும் பிளேன்டீ, கீரையில் கிடைத்த இரும்பையும் பறித்துக்கொண்டு போகிறது. மறுபுறம், மிகுந்துபோன மாச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றிக் குருதியில் விடுகிறது. ஒரே வீட்டில் தந்தைக்கு நீரிழிவும் மகளுக்குக் குருதிச்சோகையும் இருப்பதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே சட்டியிலிருந்து பிறந்தவை.

காலைக் கூட்டத்தில் தலைசுற்றி விழும் மாணவியை நம்மில் எத்தனைபேர் தூக்கி நிறுத்தியிருக்கிறோம்! "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பின்னர் அவளையே பாடத்தில் கவனமில்லாதவள் என்று திட்டுகிறோம். குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறைந்தவளுக்குக் கவனம் எங்கிருந்து வரும்?

விற்றமின் பி12 ஐப் பற்றியும் கூற வேண்டும். இதனை ஆக்கவல்லவை நுண்ணங்கிகள் மட்டுமே. மனிதனுக்கு இது மீன், இறைச்சி, முட்டை, பால் என்பவற்றின் வழியே வந்து சேருகிறது. தாவரத்தில் நம்பத்தக்க அளவில் இல்லை. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்கிரோகிராம், ஊசிமுனை அளவுகூட இல்லை. ஆயினும் அது இல்லையேல் குருதிக்கலங்கள் முதிர்ச்சி பெறா, நரம்புகள் சேதமுறும். 1948 இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட இதன் அணுக்கட்டமைப்பைக் கண்டு 1964 இல் நோபல் பரிசு பெற்றவர், உலக சமாதானத்துக்காகவும் உழைத்த டொரதி ஹொட்ஜ்கின் என்னும் பெண் விஞ்ஞானி. இதனோடு இணைந்து தொழிற்படுவது கீரைகளிலும் பயறுகளிலும் நிறைந்துள்ள போலேற்று. பி12 இல்லாவிடில் உண்ட போலேற்றும் பயன்படாமற் சிக்கிக்கொள்கிறது. போலேற்று இல்லாவிடில் பி12 தனித்து அவ்வேலையைச் செய்ய இயலாது. கடலிலிருந்து வருவதும் கொல்லையிலிருந்து வருவதும் உடலின் ஒரே இரசாயன மாற்றத்திற் கைகோத்து நிற்கின்றன. புலாலே பலம் என்பாருக்கும் மரக்கறியே தூய்மை என்பாருக்கும் இது ஒருங்கே விடையாகும்.

உணவின் தரத்தை முடிவு செய்வது மதமா, மடிச்சீலையா என்ற வினாவுக்கு வரலாறு தெளிவான பதிலை வைத்திருக்கிறது. 1928 இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களைக் கொல்லும் ஒருவகைக் குருதிச்சோகையின் காரணத்தை ஆராய்வது அவர் நோக்கம். உணவுப் பழக்கங்களை வகுத்துப் பார்த்தபோது, மிக மோசமான உணவும் மிகுதியான நோயும் வறிய முஸ்லிம் பெண்களிடமே காணப்பட்டன. புலால் உண்ண மார்க்கம் அனுமதித்த பெண்கள் அவர்கள்! மார்க்கம் அனுமதித்ததைக் கூலி அனுமதிக்கவில்லை. அவர்களைக் குணப்படுத்தியது புலாலன்று. மதுவத்திலிருந்து எடுக்கப்படும் மலிவான மாமைற். 1931 இல் அவர் வெளியிட்ட அந்த முடிவே போலேற்றின் கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது. நோய்க்குக் காரணம் வறுமை என்று ஆய்வு காட்டிற்று. சைவமா அசைவமா என்ற கேள்வி அங்கே எழவேயில்லை.

அந்த மாமைற் நமது நாட்டுக்கும் வந்தது. அதைக் கொண்டுசென்றவர்கள் யார் என்பதை மாணவர் அறிய வேண்டும். 1934-35 ஆம் ஆண்டுகளில் மலேரியா இலங்கையின் கிராமங்களைச் சூறையாடியபோது, பூவரசம்பூ விற்று ஏகாதிபத்திய எதிர்ப்பை வளர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு கிராமங்களுக்குச் சென்றனர். மக்கள் நோயால் மட்டுமன்றிப் பசியாலும் சாகிறார்கள் என்பதைக் கண்டனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோர் அங்கு பணிபுரிந்தனர். மாமைற்றைக் குளிகைகளாக உருட்டி நோயாளருக்குக் கொடுத்தனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோரிற் பலர் அந்தக் கிராமங்களில் நடந்த கால்களுக்குரியவர்களே. பசித்தவனுக்கு எளிய உணவின் மேன்மையை அவர்கள் போதித்துக்கொண்டிருக்கவில்லை. 1953 இல் அரசாங்கம் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திப் பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியபோது, ஆகஸ்ட் 12 இல் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. பிள்ளையின் தட்டு அரசியற் பிரச்சினை என்பதை அன்றைய தொழிலாளி எந்தப் பாடநூலையும் படிக்காமலே அறிந்திருந்தான்.

நம் காலத்துக்கு வருவோம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அம்பாறையின் நெல்வயல்களும் நாட்டின் சோளச் சேனைகளும் அடிவாங்கின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றரொன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையேறிக் கிடந்தன. கடலோரத்திற் பிறந்த பிள்ளைக்குக் கடல்மீன் எட்டாக்கனியாயிற்று. சாளையும் சூடையும் நெத்தலியும் ஏழையின் புரதம், ஏழையின் பி12, முள்ளோடு உண்ணும்போது ஏழையின் கல்சியம். அவை தட்டைவிட்டு நீங்கியதற்குச் சீவகாருணியம் காரணமன்று. எரிபொருள் விலையே காரணம்.

"மீன் இல்லையேல் பருப்பு உண்ணலாமே" என்பார்கள். நாம் நாள்தோறும் உண்ணும் மைசூர்ப் பருப்பு இந்நாட்டில் விளைவதன்று, கப்பலேறி வருவது, டொலர் இல்லாதபோது அதுவும் ஏறிப்போயிற்று. "தயிர் உண்ணலாமே" என்பார்கள். கிழக்கின் சட்டித்தயிருக்குப் பெயர் உண்டு. ஆனால் மாடு மேயத் தரை வேண்டும். மட்டக்களப்பின் மயிலத்தமடுப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 இல் வீதியோரத்தில் அமர்ந்து போராட நேர்ந்ததை மறந்துவிட்டோமா? "திரிபோஷா இருக்கிறதே" என்பார்கள். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த அந்த மா, 1970களிலிருந்து கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்து வந்தது. மிகவும் தேவைப்பட்ட 2022 இலேயே மூலப்பொருளின்றித் தட்டுப்பாடாயிற்று. மரக்கறி உணவுக்கும் விலையுண்டு, நிலமுண்டு, அரசியலுண்டு. இவற்றைப் பேசாமல் மரக்கறியின் மகிமையை மட்டும் பேசுபவர் பாதி உண்மையை மறைக்கிறார்.

இரக்கத்தின் பெயரால் நடந்த ஒரு நாடகத்தையும் குறிப்பிடாமலிருக்க இயலாது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கிற்று. அந்த யோசனையின் மறுபாதி என்ன தெரியுமா? மாட்டிறைச்சி உண்போருக்காக வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலைக்கு விற்பது! இலங்கை மாட்டின் கழுத்தில் விழும் கத்தி கொடுமை. வெளிநாட்டு மாட்டின் கழுத்தில் விழும் கத்தி கொடுமையன்று. இது எந்தக் காருணியத்தின் பாற்படும்? இதன் நோக்கம் உயிரிரக்கமானால் எல்லைக்கு அப்பால் அது ஏன் நின்றுபோயிற்று? முஸ்லிம் இறைச்சிக் கடைக்காரரையும், முதிர்ந்த மாட்டை விற்றுக் கடனடைக்கும் சிங்கள, தமிழ் விவசாயியையும் ஒருசேரத் தாக்கும் ஒரு யோசனைக்கு அறத்தின் போர்வை போர்த்தப்பட்டது என்பதே உண்மை.

புலால் மறுத்தலை உண்மையாகவே அறமாகக் கொண்டோர் தமிழ் மரபில் இருந்தனர். அவர்களை நாம் வணங்குகிறோம். வடலூர் இராமலிங்க அடிகள் அவருள் தலையாயவர். ஆனால் அவர் செய்ததென்ன? 1867 இல் சத்திய தருமசாலையை நிறுவி, பசித்து வந்தோர் யாவருக்கும் வேறுபாடின்றிச் சோறிட அடுப்பை மூட்டினார். உயிர்க்கொலையை வெறுத்த அதே உள்ளம் மனிதப் பசியையும் கொலையாகக் கண்டது. இன்றைய உபதேசிகள் அவரது பாதிக் கொள்கையை எடுத்துக்கொண்டு அடுப்பை விட்டுவிட்டனர். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத நம் அயலவரின் விரதம் அவரவர் தெரிவு. அதனைப் பழிப்பவன் பண்பற்றவன். தெரிந்து மறுப்பது விரதம். கிடைக்காமல் விடுவது பட்டினி. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதையே நாம் கண்டிக்கிறோம்.

எமது சமூகத்தாரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இறைச்சியில்லாத சோறு சோறா என்னும் வீம்பு நம்மவரிடையே குறைவானதன்று. கலியாண வீட்டில் சகன் நிறைய இறைச்சி குவிந்து மீதி குப்பைக்குப் போகும். அடுத்த தெருவில் கீரைச் சுண்டலுக்கும் வழியில்லாத வீடொன்று இருக்கும். கீரையையும் காயையும் நோயாளியின் உணவென்று ஒதுக்கிவிட்டு, நாற்பது வயதில் நீரிழிவு மருந்துக்கு வரிசையில் நிற்கிறோம். இன்னொன்று: மீன் வாங்கிய நாளிலும் அது யாருடைய தட்டுக்குப் போகிறது? ஆண்களுக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்குச் சிறுதுண்டு, கடைசியில் உண்ணும் தாய்க்கும் மூத்த மகளுக்கும் சட்டியில் எஞ்சிய ஆணம். மாதந்தோறும் குருதி இழப்பவளுக்கும் கருவைச் சுமப்பவளுக்கும் இரும்பு அதிகம் வேண்டும். அவளுக்கே குறைவாகக் கிடைக்கிறது. சந்தையில் நடக்கும் அநீதியை எதிர்ப்பவன் தன் அடுக்களையில் நடக்கும் அநீதியைக் காணாதிருப்பானாகில் அவனது முற்போக்கு வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

ஆசிரிய நண்பர்களே, மாணவ இளைஞர்களே! நாம் செய்யக்கூடியவை சிலவுண்டு. விஞ்ஞான பாடத்தில் அனுசேபத்தைக் கற்பிக்கும்போது பிள்ளையின் தட்டைக்கொண்டே கற்பிப்போம். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். தேநீரை உணவுக்கு ஒரு மணிநேரம் தள்ளிக் குடித்தால் அது வீணாகாது. முருங்கையிலையும் பயறும் கௌபியும் கொல்லையிலும் சேனையிலும் விளையக்கூடியவை. முழுத் தாவர உணவை விரும்பி ஏற்போர் பி12 மாத்திரையைக் கைவிடலாகாது. இவை வீட்டில் ஆகக்கூடியவை.

இவற்றால் மட்டும் தீராது. தேசிக்காய்ப் புளி மீன்பிடிப் படகுக்கு எண்ணெயாகாது. பாடசாலை உணவு எல்லாப் பாடசாலைக்கும், எல்லா வகுப்புக்கும், எல்லா நாளும் வேண்டும். அதில் முட்டையோ மீனோ இருக்க வேண்டும். மரக்கறி மட்டும் உண்ணும் பிள்ளைக்கு அதற்கீடாகப் பருப்பும் தயிரும் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் தன் வீட்டு வழக்கத்துக்காகக் கூனிக்குறுகும்படி நேரலாகாது. கரைவலைக்காரருக்கும் சிறுபடகுக்காரருக்கும் எரிபொருள் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்க வேண்டும். மேய்ச்சல் தரைகள் காக்கப்பட வேண்டும். கர்ப்பிணித் தாய்க்குரிய திரிபோஷா ஒரு மாதமும் தவறலாகாது. இவற்றைப் பெற்றோர் கூட்டத்திலும், தொழிற்சங்கத்திலும், பிரதேச சபையிலும் நாம் எழுப்ப வேண்டும்.

உணவின் ஒழுக்கம் பற்றிய உபதேசங்களை அதன் பின்னர் ஆறுதலாகக் கேட்டுக்கொள்வோம். எல்லாப் பிள்ளையின் தட்டிலும் மீனும் பருப்பும் கீரையும் தயிரும் வந்து சேர்ந்த பின், அவற்றுள் எதனை உண்பது, எதனை மறுப்பது என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.